ஒரு மணி இரண்டு முறை அடித்த ஞாயிறு

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க வங்கி ஒன்றின் மெயின்ஃபிரேமை, அதாவது அதன் பெரிய மையக் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, வருடத்தில் இரண்டு ஞாயிறு மதியச் சாப்பாடு அலுவலகத்தில்தான். அமெரிக்காவில் கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் மார்ச் இரண்டாம் ஞாயிறு, பின்னே இழுக்கும் நவம்பர் முதல் ஞாயிறு. நியூயார்க்கில் அதிகாலை 2 மணி என்றால் இங்கே மார்ச்சில் மதியம் 12.30, நவம்பரில் 11.30. 2007-க்கு முன்பு இது ஏப்ரல், அக்டோபர் என்று இருந்தது. அந்த வருடம் யூனிக்ஸ் பக்கத்து டைம்ஸோன் வரிகளைத் தேடித் தேடி மாற்றிய கதையை எங்கள் டீம் மூத்தவர் இன்னும் சொல்வார்.

மார்ச் சுலபம். 2 மணி 3 ஆகிவிடும். 2.30-க்குத் தானாகக் கிளம்ப வேண்டிய ஜாப்களுக்கு (வேலைகளுக்கு) அன்று அந்த நேரமே கிடையாது. ஷெட்யூலரில் முன்பே மாற்றிவைத்தால் போதும். நவம்பர்தான் வம்பு. 1 முதல் 2 வரை உள்ள மணி இரண்டு தடவை வரும்.

எனக்குப் புரிய நாளான விஷயம், மெஷினின் கடிகாரம் அசைவதே இல்லை என்பது. உள்ளே இருக்கும் டிஓடி (டைம் ஆஃப் டே) கடிகாரம் 1900 ஜனவரி 1-ஐத் தொடக்கமாக வைத்து எண்ணிக்கொண்டே போகிறது. நாம் மாற்றுவது, யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து 4 மணி கழிப்பதா 5 மணி கழிப்பதா என்பதை மட்டும். டேட்டாபேஸான டிபி2-வின் லாகுக்கும் கவலையில்லை, அது உள்கடிகாரத்தைப் பார்க்கிறது. உள்ளூர் நேரத்தை நம்பி கோபால் (COBOL) மொழியில் எழுதிய புரோகிராம்கள்தான் பாவம்.

பழைய வழக்கப்படி அந்த ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். என் இரண்டாவது நவம்பரில், ஆன்லைன் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று, டைம்ஸ்டாம்பை (பதிவான நேரத்தை) தனித்த கீயாக, அதாவது இரண்டு தடவை வரக் கூடாத அடையாளமாக வைத்திருக்கும் டேபிள்களைத் தேடினேன். அதே நேரம் மறுபடி வந்தால் டிபி2 '-803' என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். கிடைத்தவற்றில் வரிசை எண் ஒன்றையும் சேர்த்தோம்.

அன்று 11.30-க்கு ஆபரேட்டர் உள்ளூர் நேரத்தை மாற்றும் செட் க்ளாக் கட்டளையைக் கொடுத்தார். ஆன்லைன் ட்ரான்ஸாக்ஷன்களை ஓட்டும் சிஐசிஎஸ் எங்களிடம் தானாகப் பின்னால் வராது. அதன் ஒவ்வொரு ரீஜனிலும் (தனித்தனியாக ஓடும் பிரதியிலும்), புது நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லும் பெர்ஃபார்ம் ரீசெட் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில், ஏடிஎம் பதிவுகளைக் கணக்கில் ஏற்றும் ட்ரான்ஸாக்ஷன் ஒன்று வந்ததையெல்லாம் எர்ரர் ஃபைலில் கொட்ட ஆரம்பித்தது. -803 ஒன்றுகூட இல்லை. புரோகிராமைத் திறந்து பார்த்தால், 'புதிய நேரம் கடைசிப் பதிவின் நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் நிராகரி' என்று ஒரு இஃப் (if) நிபந்தனை. எழுதியவர் கவனமான ஆள்தான். நான் கீயை மட்டுமே தேடினேன், ஒப்பீட்டைத் தேடவில்லை.

அந்த மதியம் புரோகிராமை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ட்ரான்ஸாக்ஷனை டிஸேபிள் செய்தோம். அதற்கு வரும் செய்திகள், அவற்றை வாங்கி வைக்கும் எம்க்யூ வரிசையில் தேங்கி நின்றன. பணம் எடுப்பவர்களுக்குப் பணம் வந்தது, பதிவு ஏறுவதுதான் தாமதம். நம்ம ஊர் நேரம் 12.31, அங்கே 2 மணி இரண்டாம் முறையாகக் கடந்த பிறகு, திறந்துவிட்டோம். நான்கு நிமிடத்தில் வரிசை காலி. எர்ரர் ஃபைலில் இருந்ததை அப்புறம் திரும்ப ஓட்டினோம்.

கிளம்பும்போது மூத்தவரிடமிருந்து போன். "பார்ம்லிப்ல க்ளாக் மெம்பரை மாத்தினியா தம்பி?" சிஸ்டம் தொடங்கும்போது படிக்கும் அமைப்புகள் இருக்கும் இடம் பார்ம்லிப். அதன் க்ளாக் பகுதியில் இன்னும் கோடைக்கால டபிள்யூ.04, அதாவது யூடிசிக்கு 4 மணி மேற்கு என்று இருந்தது. அப்படியே விட்டால் அடுத்த ஐபிஎல்லில், அதாவது மெயின்ஃபிரேமை மறுபடி தொடங்கும்போது, சிஸ்டம் மறுபடி கோடைக்கால நேரத்துக்குப் போய்விடும். பையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்ப லாகின் செய்தேன்.