காடு வெட்டின காணி

வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு காணி விசாரணை. வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, காணிக்காரப் பெரியவருக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்க்க நான் போயிருந்தேன். இருந்தது இரண்டு கதிரை. ஒன்றில் அதிகாரி, மற்றதில் நான். பெரியவர் தன் வேலிக் கதியாலைப் பிடித்தபடி நின்றார்.

"அப்பு காடு வெட்டித் திருத்தின காணி பிள்ளை. இந்தக் கிணறும் அவர் வெட்டினதுதான்."

அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். வன்னியில் காடு வெட்டினது என்றால் உரிமை சொல்வது. அந்தக் கோப்பிலோ அது காடழித்ததற்கான ஒப்புதலாகிவிட்டது. அறிக்கையில் பெரியவர் 'அத்துமீறிக் குடியிருப்பவர்'.

காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலம், வேறுவிதமாக நிரூபிக்கும்வரை முடிக்குரியது என்று பிரித்தானியர் 1840இல் சட்டம் போட்டார்கள். முடிக்காணி பிறகு அரச காணி ஆயிற்று. நிரூபிக்கிற பாரம் மட்டும் சனத்தின் தலையிலேயே கிடக்கிறது. 2009இல் போருக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களிடம் காணிப் பெர்மிட் கேட்டால் எங்கே போவார்கள்?

அந்த நாளில் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்தில் வெள்ளைக்காரத் துரைக்கும் சனத்துக்கும் நடுவில் முதலியார் இருந்தார், ஊரில் விதானையார். விதானை முறை 1963இல் போய்விட்டது. ஆனாலும் கிராம அலுவலரை எங்கள் கிழவர்கள் இன்றும் விதானையார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது வெறும் பழக்கமாகத் தெரியவில்லை. அன்று அந்தக் கதிரையில் இருந்தபோது நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன். அதிகாரி என்னிடம் மரியாதையாகப் பேசினார், தேத்தண்ணி தந்தார். பெரியவருக்கு யாரும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது பெரியவர் கேட்டார்: "அவர் என்ன எழுதினவர் எண்டு ஒருக்காச் சொல்லு பிள்ளை."

"நீங்கள் சொன்னதைத்தான் அப்பு," என்றேன். எழுதியதை நான் பார்க்கக்கூட இல்லை. 1987இலேயே தமிழ் அரச கரும மொழியாகிவிட்டது. தன் வாக்குமூலத்தைத் தன் மொழியில் கேட்க அவருக்கு இருந்த உரிமையை என் ஒரு வசனம் தின்றுவிட்டது.

இப்போது கையெழுத்துக்கு முன் எழுதியதை வாங்கி, தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டுகிறேன். நேரமாகிறது என்று முகம் சுளிப்பார்கள். சரி, சுளிக்கட்டும். போன விசாரணையில் ஒரு அம்மா இடையில் மறித்து, "அப்பிடி நான் சொல்லேல்லை," என்றார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு அந்த வரியை வெட்டினார்.