முதலில் சுவிட்ச், பிறகுதான் ஆயுதம்

ரோபோச் சண்டைப் போட்டியில், அரைக் கிலோ கூட இல்லாத ரோபோவுக்கு எதற்கு இத்தனை விதிகள் என்று கேட்பவர்களிடம் நான் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். 10 சென்டிமீட்டர் நீளம், 100 கிராம் எடை கொண்ட எஃகுப் பட்டை ரோபோவின் ஆயுதமாக நிமிடத்துக்கு 10,000 முறை சுற்றினால், அதில் 45 ஜூலுக்கும் சற்று அதிகமான ஆற்றல் தேங்கியிருக்கும். ஒரு கிலோ எடைக்கல் நாலரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஈடானது அது. பட்டையின் முனை மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். விரல் குறுக்கே வந்தால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சண்டை ரோபோக்களில் ஆன்ட்வெயிட் என்று ஒரு சிறிய எடைப் பிரிவு உண்டு; பிரிட்டனில் அது 150 கிராம். நான்கு அங்குலக் கனசதுரத்துக்குள்ளும் அடங்க வேண்டும். நாங்கள் இறங்கியது 454 கிராம், அதாவது ஒரு பவுண்டு பிரிவில். தீ, திரவம், எதிராளியின் சக்கரத்தில் சிக்க வைக்கும் வலை, ரேடியோ அலையைக் குலைக்கும் கருவி எல்லாவற்றுக்கும் தடை. இவையெல்லாம் படித்ததும் புரிந்துவிட்டன. எங்களைத் திணறடித்தது ஒரே ஒரு வரி: மின் இணைப்பைத் துண்டிக்க நீட்டும் கை, ஆயுதம் சுழலும் பாதைக்குள் நுழையக் கூடாது.

அந்த வரிக்காகவே ரோபோவின் உள்ளமைப்பு முழுவதையும் மாற்றினோம். பேட்டரியை நடுவில் வைத்து, மின்சாரத்தைத் துண்டிக்கப் பிடுங்கி எடுக்கும் இணைப்பை வால்பக்கம் கொண்டுபோனோம். கம்பி நீண்டது, எடை ஏறியது. ஈடுகட்ட மேல்தட்டில் துளைகள் போட்டோம். அழகு போய்விட்டது என்று குழுவில் ஒருவருக்கு இன்றும் வருத்தம். எனக்கு இல்லை.

போட்டிக்கு முந்தைய பரிசோதனை மேசையில் ஆயுதத்தின் கூர்மையை யாரும் பாராட்டவில்லை. பரிசோதகர் முதலில் கேட்டது, “பூட்டு எங்கே?” என்றுதான். பட்டையையும் சட்டத்தையும் ஊடுருவிச் செல்லும் எஃகு ஊசி, அதன் தலையில் தொங்கும் சிவப்பு நாடா. பட்டையை விரலால் அழுத்தித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மின்சாரம் வருவதைக் காட்டும் விளக்கு வெளியே தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

அடுத்தது ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் ரோபோ தானாக நிற்கும் ஏற்பாடு. சக்கரங்கள் தரையில் படாதபடி ரோபோவைக் கட்டைமேல் ஏற்றி, முழு வேகத்தில் ஓடவிட்டு, ரிமோட்டை அணைப்பார்கள். உடனே எல்லாம் நிற்க வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்றவரின் ரோபோ நிற்கவில்லை. சிக்னல் போன பிறகும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. ரோபோவுக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர்களில் சில, தொடர்பு அறுந்தால் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொள்ளும். வேறு சில, ரிமோட்டுடன் இணைக்கும்போது அதன் வேக விசை எந்த நிலையில் இருந்ததோ அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அவர் விசையைக் கீழே இறக்கி மறுபடி இணைத்துவிட்டு வந்தார், தேறிவிட்டார். வீட்டிலேயே பார்த்துவிடக்கூடிய சோதனை இது. ஆனால் ரிமோட்டைக் கையில் எடுத்தவுடன் எல்லோருக்கும் ஓட்டத்தான் தோன்றுகிறது!

ஆயுதம் 60 விநாடிக்குள் தானாக ஓய வேண்டும் என்ற சோதனை மட்டும் பாலிகார்பனேட் சுவர்களுக்கு உள்ளே, கதவைச் சாத்திய பிறகு நடந்தது. மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகையில் பிரேக்கை இயக்கி வைத்திருந்ததால் கவலை இல்லை. அரங்கில் பின்பற்ற வேண்டிய வரிசையையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள்: முதலில் ரிமோட், பிறகு ரோபோவின் மின்சாரம், பூட்டைக் கழற்றுவது கடைசியில்.

லித்தியம் பாலிமர் பேட்டரிக்குத் தனி மேசை. தீத்தடுப்புப் பையில் வைத்துத்தான் சார்ஜ் செய்யலாம், ஆள் அருகில் இருக்க வேண்டும், உப்பியது எதுவும் உள்ளே வரக்கூடாது. இந்தக் கெடுபிடி சிலருக்கு எரிச்சலாக இருந்தது. லித்தியம் பேட்டரி எரிவதை ஒருமுறை பார்த்தவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள்.

முதல் சண்டையில் எதிராளியின் பட்டை எங்கள் சக்கரத்தையும் பக்கவாட்டையும் பிளந்து பேட்டரி வரை போய்விட்டது. உறையில் பள்ளம் விழுந்திருந்ததால் அதை உலோகப் பெட்டியில் போட்டு வெளியே வைத்துவிட்டார்கள். மாற்றுப் பேட்டரி கையில் இருந்தது. மாற்றுச் சக்கரம்தான் இல்லை.