இயற்பியல் சார் கேட்ட கை

நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு ஆண்டுதோறும் வரும் கடிதத்தைத் தள்ளிப்போட்டே வந்த நான், நம் இயற்பியல் சார் காலமான செய்தியைக் கேட்ட பிறகு இனியும் தள்ளுவது தகாது என்று எழுதுகிறேன். கடைசி மணிக்குப் பின் ஆய்வகத்தில் நடந்ததுதான் அவருடைய அசல் வகுப்பு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம்மோடு படித்தவன் ஒருவன், பிளஸ் டூ முடித்த கையோடு விசைப்படகுக்குப் போய், மடிவலையை இழுக்கையில் கம்பியைச் சுற்றும் விஞ்ச் இயந்திரத்தில் சிக்கி வலது கையை மணிக்கட்டுக்கு மேலே இழந்தான். முகாம் ஒன்றில் அவனுக்குக் கிடைத்த ரப்பர் கை அசையாது. அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் வலை தைத்தான். ஏவுகணைக்கான கலப்புப் பொருளைக் கொண்டு, போலியோவால் கால் முடங்கிய குழந்தைகள் சுமந்த சுமார் 3 கிலோ தாங்கியை 300 கிராமாகக் குறைத்த கலாம் ஐயாவின் கதையைச் சொல்லும்போதெல்லாம், "காலுக்கு நம்ம ஊர்க்காரர் செய்துவிட்டார், கைக்கு யார் செய்வது?" என்று சார் கேட்பார்.

இங்கிலாந்தில் நான் செய்யும் வேலை அதுதான்: செயற்கைக் கை. கை போன பின்னும் முன்கைத் தசைகள் உயிரோடு இருக்கின்றன. விரலை மடக்க நினைத்தாலே அவை சுருங்கி, தோலின் மேல் ஒரு மில்லிவோல்ட் அளவுக்கும் குறைவான மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கின்றன. அதை மின்முனைகளால் பிடித்து, பெருக்கி, இரைச்சலை வடிகட்டி, மோட்டாருக்குக் கட்டளையாக அனுப்புகிறோம். ஐந்து விரலும் தனித்தனியே இயங்கும் ஐ-லிம்ப் என்ற மின்கை 2007இல் ஸ்காட்லாந்திலிருந்து விற்பனைக்கு வந்தது. அந்த வகைக் கைகளின் விலை இன்றும் பல லட்சம். 2013 முதல் முப்பரிமாண அச்சுக்கான கை வடிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் வழி திறந்தது. விரலை இழுக்கும் தசைநாணாக அவற்றில் பலவற்றுக்குத் தூண்டில் நரம்பே போதும். அச்சிடும் பிளாஸ்டிக்குக்கு ஆகும் செலவு சொற்பம். மோட்டாரும், ஒவ்வொருவர் கைக்கும் தனியாக வார்க்க வேண்டிய கூடும், பழுதுபார்ப்புமே விலையை ஏற்றுகின்றன.

சென்ற முறை ஊருக்கு வந்தபோது மாதிரிக் கையை அவனுக்குப் பூட்டினோம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்ல நெருங்கி டீ கிளாஸின் விளிம்பைப் பிடித்ததும் அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். சற்று நேரத்தில் மின்முனைக்கு அடியில் வியர்வை தேங்கவே, கை தானாகத் திறந்து மூடத் தொடங்கியது. நான் புறப்படுவதற்குள் திருகுத் தலைகளில் துருவும் ஏறிவிட்டது. அருகில் நாற்காலியில் அமர்ந்திருந்த சார் கேட்டது ஒன்றே: "மண்டபத்து லேத்துப் பட்டறையில் இதைக் கழற்றிப் பூட்ட முடியுமா?" மலிவு என்பதற்கு அதைவிடச் சரியான அளவுகோலை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

இப்போது மோட்டாருக்கு மூடிய உறையும் துருவேறாத எஃகுத் திருகும் போட்டிருக்கிறோம். ஆனால் குளிர்ந்த அறையில் சோதிக்கும் எங்களுக்கு, உப்புக்காற்றில் கை என்ன ஆகும் என்பது அவன் தொலைபேசியில் சொன்னால்தான் தெரிகிறது. பாம்பனைத் தாண்டாமல் இருந்திருந்தால், அவன் கரையேறும் நேரத்தில் நானே கழற்றிப் பார்த்திருப்பேன். சாரும் உடனிருந்து சொல்லித் தந்திருப்பார். அந்த வருத்தம் எனக்கு ஆறவில்லை.

பழுதுபார்க்கும் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ராமேசுவரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நம் பள்ளிக்காரர்கள் சங்கத்துக்கு எழுதினால், முதல் படியை அவர்களுக்கே அனுப்புகிறேன்.