ஃபைல் எங்க சார்?

ஒரு நகராட்சிக்கு ஸ்டாண்டிங் கவுன்சிலா, அதாவது அதோட கேஸ்களப் பாக்குற நிரந்தர வக்கீலா போனப்ப, கோர்ட்ல எழுந்து நின்னு வாதாடுற வேலைன்னுதான் நினைச்சேன், போனப்புறம்தான் தெரிஞ்சது பாதி நாள் ஃபைல் தேடுற வேலைன்னு. சம்மன் கைக்கு வந்து 30 நாள்ல எதிருரை, அதாவது வழக்குக்கு நம்ம எழுத்து மூலமான பதில் போடணும், கோர்ட் மனசு வச்சா 90 நாள் வரைக்கும் தரும். அதுக்குள்ள ரெவென்யூ செக்ஷன், நகரமைப்பு, இன்ஜினியரிங்னு மூணு இடத்துல இருந்து பத்திவாரி குறிப்பு, அதாவது வழக்கு மனுவோட ஒவ்வொரு பத்திக்கும் அவங்க பதில் வரணும், கேட்டா "ஃபைல் ஆடிட்ல இருக்கு சார்"னு ஒரே பதில். தனியார் கட்சிக்காரர்னா ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி உயிர வாங்குவாரு, இங்க கேஸ நினைச்சு தூக்கம் கெடுறது நான் ஒருத்தன்தான். ஆணையர் வேற மாறிட்டே இருப்பாரு.

தோத்தா மாவட்ட கோர்ட்ல அப்பீல் போட 30 நாள், ஆனா தீர்ப்பு நகல் மேசை மேசையா நகர்ந்து என்கிட்ட வர்றதுக்குள்ள அது எப்பவோ முடிஞ்சிருக்கும், அப்புறம் தாமதத்த மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, "நிர்வாகக் காரணங்களால்"னு அதே வரி, டைப் பண்ணவே கூச்சமா இருக்கும். 2012ல தபால் துறை கேஸ்ல 427 நாள் தாமதத்த மன்னிக்க மாட்டேன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதுல இருந்து, எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தீர்ப்ப கையில வச்சுக்கிட்டேதான் உள்ள வருவாரு.

எல்லாப் பழியையும் ஆபீஸ் மேல போடவும் முடியாது. நகராட்சிக் கடை ஒண்ண காலி பண்ற விஷயத்துல கேவியட் போட்டிருந்தேன், எங்களக் கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு கோர்ட்டுக்கு முன்கூட்டியே குடுக்குற மனு அது, அதுக்கு ஆயுசு 90 நாள்தான், புதுப்பிக்கணும்னு டைரில குறிக்க மறந்துட்டேன். கெடு முடிஞ்ச அடுத்த வாரமே கடைக்காரர் நமக்குத் தெரியாமலே தடையுத்தரவு வாங்கிட்டாரு. அன்னைக்கு ஆணையர் முகத்தப் பாக்க முடியல.

இன்னொரு தடவ, ரோட்டோரக் கடைகள அப்புறப்படுத்தலாமான்னு ஒப்பீனியன் கேட்டாங்க. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி சர்வே முடிஞ்சு சர்டிபிகேட் குடுக்குற வரைக்கும் யாரையும் காலி பண்ணக் கூடாது, அதையே எழுதிக் குடுத்தேன். ஆணையர் கேட்டாரு:

"வக்கீல் சார், நீங்க நமக்கு வக்கீலா, அவங்களுக்கா?"

"உங்களுக்குத்தான் சார், அதான் சொல்றேன்."

அவருக்குப் பிடிக்கல, ஆனா ஜேசிபி கிளம்பல, கேஸும் வரல. எனக்கு ஃபீஸ் கேஸ் கணக்குலதான், அதனால அந்த மாசம் அதுக்கு பில்லும் போடல.