பள்ளிக்கூடத்தில் குடியேறிய புத்தொழில்கள்

ஜப்பானியப் புத்தொழில் (ஸ்டார்ட்அப்) என்றாலே டோக்கியோவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்குத் தென்மேற்கு ஜப்பானின் ஃபுகுவோகா நகரமே சுவாரசியமாகப் படுகிறது. தொலைக்காட்சி அறிவிப்பாளராக இருந்து 2010இல் மேயரான சோய்ச்சிரோ தகாஷிமா, 2012இல் அதைப் புத்தொழில் நகரமாக அறிவித்தார். தென்ஜின் கடைவீதியை ஒட்டிய தைம்யோவில், மூடப்பட்டுக் கிடந்த தொடக்கப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் 2017இல் 'ஃபுகுவோகா குரோத் நெக்ஸ்ட்' என்ற புத்தொழில் வளர்ப்பு மையம் திறக்கப்பட்டது. பிள்ளைகள் பாடம் படித்த அறைகளில் இன்று சிறு நிறுவனங்கள் இயங்குகின்றன.

கட்டடத்தைவிட முக்கியமானது விசா. அலுவலகமும், 50 லட்சம் யென் முதலீடோ இரண்டு முழுநேர ஊழியர்களோ இருந்தால்தான் வெளிநாட்டவர் தொழில் தொடங்க அனுமதி என்றிருந்த நிலையில், முதலில் வந்து தங்கி, அவற்றை ஆறு மாதத்தில் திரட்டிக்கொள்ளலாம் என்று 2015இல் இந்நகரம் வழிவிட்டது.

நடுவண் அரசு 2022இல்தான் விழித்துக்கொண்டு, புத்தொழில்களுக்கான ஆண்டு முதலீட்டை 2027க்குள் 10 லட்சம் கோடி யென்னாக உயர்த்தும் ஐந்தாண்டுத் திட்டத்தை வெளியிட்டது. இலக்கு பெரிதுதான். ஆனால் அதே அரசு, 2025 அக்டோபரில் வெளிநாட்டவர் தொழில் தொடங்கத் தேவையான தொழில் மேலாண்மை விசாவுக்கான மூலதன வரம்பை அந்த 50 லட்சத்திலிருந்து 3 கோடி யென்னாக ஏற்றியிருப்பது, கைக்காசு குறைந்த இளம் வெளிநாட்டுத் தொழில்முனைவோரை வாசலிலேயே நிறுத்திவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.