குடியேறியவர்களின் மறதி

உபாகமம் எட்டாம் அதிகாரத்தை எங்கள் குடும்ப ஜெபத்தில் அடிக்கடி வாசிப்போம். வனாந்தரத்தில் நாற்பது வருஷம் அலைந்த ஜனங்கள் கானானுக்குள் நுழையப் போகிறார்கள். அந்த அதிகாரத்தில் மோசே எதிரிகளைப் பற்றிப் பயமுறுத்தவில்லை. வயிறாரச் சாப்பிட்டு, நல்ல வீடு கட்டிக் குடியிருந்து, ஆடுமாடும் பொன்னும் பெருகும்போது கர்த்தரை மறந்துவிடாதீர்கள் என்றுதான் எச்சரிக்கிறார். கோத்தகிரிப் பக்கம் வந்து வேரூன்றிய எங்களுக்கென்றே எழுதினது போல் இருக்கும்.

நாங்கள் இலங்கை மலையகத்து ஆட்கள், தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து அங்கே போனவர்களின் வாரிசுகள். 1964ஆம் ஆண்டு இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று, எங்களை ஒரு வார்த்தை கேட்காமலே முடிவானது. எழுபதுகளில் எங்கள் வீட்டின் முறை வந்தது. அட்டன் ஸ்டேஷனில் போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து அழுவார்கள். அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், அப்புறம் மண்டபம் முகாம். தாயகம் திரும்புகிறோம் என்று தாளில் எழுதியிருந்தது. தாத்தாவின் அப்பா பிறந்த ஊர் எனக்குத் தாயகமா? நான் பிறந்து வளர்ந்த மண்ணை விட்டு, யாரையும் தெரியாத புது நாட்டுக்கு வந்தேன்.

எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1976இல் அதுவே டான்டீ என்ற கழகமானது. அதில் வேலை கிடைத்தது பெரிய பாக்கியம். எங்கள் ஜனங்களில் சிலர் கொடைக்கானல் மலைக் காடுகளில் கொத்தடிமைகளாகச் சிக்கி, எண்பதுகளில்தான் மீட்கப்பட்டார்கள். இங்கேயும் அதே மலை, அதே கொழுந்து, அதே மாதிரி வரிசை வீடு. ஆனாலும் கடையில் வாய் திறந்தால் போதும், “சிலோன்காரங்களா?” என்று கேட்டுவிடுவார்கள்.

அந்த நாட்களில் எங்கள் ஜெபத்துக்கு யாரும் மணி அடிக்க வேண்டியதில்லை. வேலை விட்டு வந்து நனைந்த துணியை அடுப்புக்கு மேலே காயப்போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்காமாரும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். அம்மா கேட்பதெல்லாம் நாளைய காரியம்: நாளைக்கு அரிசி, நாளைக்குச் சின்னவனுக்குக் காய்ச்சல் விட வேண்டும். கேட்டது கிடைத்ததும் மறுநாள் அதே இடத்தில் ஸ்தோத்திரம் சொல்வார்கள்.

இன்று பலருக்கு டவுனில் சொந்த வீடு இருக்கிறது. பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்க்கிறார்கள். இது தேவன் தந்த நன்மை, இதில் குற்றமில்லை. ஆனால் சபையில் சாட்சி சொல்கிற நேரத்தில் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். கப்பல், முகாம், முதல் குளிர், முதல் சம்பளம், அதோடு சாட்சி முடிந்துவிடும். போன மாதம் கர்த்தர் என்ன செய்தார் என்று சொல்ல ஆளில்லை. வனாந்தரத்தில் தேவன் அன்றன்றைக்குத் தந்த மன்னா என்ற உணவை மறுநாளைக்கென்று எடுத்து வைத்தபோது அது புழுப் பிடித்து நாறியது என்று யாத்திராகமத்தில் வாசிக்கிறோம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய கிருபையை வைத்தே ஆத்துமா பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. ஆலயத்துக்கு வராதவர்களைப் பற்றி நான் இதைச் சொல்லவில்லை. தவறாமல் வருகிறவர்கள், காணிக்கை தருகிறவர்கள், என்னைப் போல முன் பெஞ்சில் உட்காருகிறவர்கள், இவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற லவோதிக்கேயா சபையும் அப்படித்தான் இருந்தது. கி.பி. 60இல் பூகம்பத்தில் அந்த ஊர் இடிந்தபோது, ரோம அரசின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்திலேயே எடுத்துக் கட்டிக்கொண்ட பணக்கார நகரம் அது. பக்கத்து எராப்போலியில் வெந்நீர் ஊற்று உண்டு. கொலோசெயில் குளிர்ந்த தண்ணீர் உண்டு. அந்த நகரத்துச் சபையைப் பார்த்துத்தான் ஆண்டவர், அனலுமில்லை குளிருமில்லை என்கிறார். அவர்கள் கள்ளப் போதகத்துக்குப் போனார்கள் என்று அங்கே குற்றச்சாட்டு இல்லை. எனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொன்னார்கள், அதுதான் வியாதி.

இந்த வியாதி நமக்கும் வந்துவிட்டதா என்று பார்க்க உபாகமம் பத்தாம் அதிகாரத்தில் ஒரு வழி இருக்கிறது: அந்நியனை நேசியுங்கள், நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே. இப்போது இந்த மலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. மொழி தெரியாது, குளிர் பழக்கமில்லை. அவர்களில் விசுவாசிகளும் உண்டு. 1845இல் ராஞ்சியில் ஊழியம் தொடங்கிய காஸ்னர் மிஷனின் வழியில் வந்த சபையார் சிலர் எங்கள் பக்கமே இருக்கிறார்கள். “வடக்கத்திக்காரங்க” என்று ஒரே வார்த்தையில் அவர்களை ஒதுக்கும் பேச்சு, ஒரு காலத்தில் சிலோன்காரர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் வாயிலிருந்தே வருகிறது. வேதனையாக இருக்கிறது.

சரி, என்ன செய்வது? எங்கள் ஜெபக்குழுவில் சாட்சி சொல்ல ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம்: கடந்த ஒரு மாதத்துக்குள் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். முதலில் நீண்ட மௌனம்தான் இருந்தது. இப்போது சின்னச் சின்னதாகச் சொல்கிறார்கள். சனிக்கிழமை மாலையில் ஜார்க்கண்ட் குடும்பங்கள் இருக்கும் லைன் வீடுகளுக்கே போய் ஜெபிக்கிறோம். கொஞ்சம் இந்தி தெரிந்த தம்பி ஒருவர் மொழிபெயர்க்கிறார், அவர்கள் சாதரி மொழியில் பாடுகிறார்கள். வருகிற அறுப்பின் பண்டிகை ஆராதனையில் அவர்களுக்கும் ஒரு பாட்டு தரும்படி ஆயரிடம் கேட்டிருக்கிறோம்.