ஜேர்மனியில் சைட்கார் ஓட்டப் பழகுதல்

‘எல்’ பலகை கட்டிய மோட்டார் சைக்கிள்களை யாழ்ப்பாணத்து வீதிகளில் பார்த்து வளர்ந்த எனக்கு, ஜேர்மனியில் பழகுநர் அனுமதிப்பத்திரம் என்ற ஒன்றே இல்லை என்பது பெரும் வியப்பாக இருந்தது. இங்கே போதனாசிரியர் இன்னொரு மோட்டார் சைக்கிளிலோ காரிலோ பின்தொடர்ந்து, ஒலிபரப்பிக் கருவி மூலம் வழிகாட்டினால் மட்டுமே பழகுபவர் வீதியில் ஓட்டலாம். அவ்வேளையில் சட்டப்படி வாகனத்தின் சாரதி போதனாசிரியரே. நகருக்கு வெளியே 5, ஓட்டோபான் எனும் அதிவேக நெடுஞ்சாலையில் 4, இருளில் 3 எனச் சிறப்புப் பயிற்சிப் பாடவேளைகளும் கட்டாயம்.

இலங்கை அனுமதிப்பத்திரம் வதிவிடம் அமைந்த பின் 6 மாதங்களுக்கே செல்லும். அதன்பின் எழுத்துத் தேர்விலும் ஓட்டத் தேர்விலும் சித்தியடைய வேண்டும். எழுத்துத் தேர்வை ஜேர்மன் தவிர வேறு 12 மொழிகளில் எழுதலாம்; அவற்றுள் தமிழ் இல்லை என்பதால், நம்மவர்கள் கேள்விகளை ஜேர்மன் மொழியிலேயே படித்துப் பழகுவது நல்லது.

மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பூட்டும், ஆள் அமரக்கூடிய ஒற்றைச் சில்லு இணைப்பான சைட்காருக்கென்று தனி அனுமதிப்பத்திர வகுப்பு கிடையாது. 16 வயதில் பெறும் ஏ1 (125 சிசி, 11 கிலோவாட் வரை), 18 வயதில் பெறும் ஏ2 (35 கிலோவாட் வரை), ஏ2 வழியாக அன்றி நேரடியாக 24 வயதில் பெறும் ஏ ஆகிய மூன்றுமே சைட்கார் பூட்டிய வண்டியையும் உள்ளடக்கியவை. ஆனால் ஓட்டத் தேர்வு சைட்கார் இல்லாத வண்டியிலேயே நடக்கும். ஆகவே நேற்றுச் சித்தியடைந்த ஒருவர், சைட்காரை ஒருநாளும் தொட்டிராதபோதும், இன்று அதில் தன் மனைவியை ஏற்றிச் செல்லச் சட்டம் இடம் தருகிறது. இந்த இடைவெளி எனக்குக் கவலை தருகிறது. சில மணி நேரப் பயிற்சியையாவது கட்டாயமாக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

ஏனெனில் இது முற்றிலும் வேறு வண்டி. இங்கே சைட்கார் வலப்பக்கம் இருப்பதால், வேகம் கூட்டும்போது வண்டி வலப்புறம் இழுக்கும். சைட்கார் சில்லுக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால், பிரேக் பிடிக்கும்போது இடப்புறம் இழுக்கும். உடலைச் சரித்துத் திருப்ப இயலாது, கைப்பிடியைப் பலமாகத் திருப்ப வேண்டும். வலப்புற வளைவில் வேகம் மிகுந்தால் சைட்கார் சில்லு நிலத்தை விட்டு எழும், அதுவும் ஆளில்லாத சைட்காரில் மிக எளிதாக எழும்.

ஆகவே அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும், சைட்கார் அறிந்த பயிற்றுநருடன் வாகனங்கள் வராத திடலில் பழகுங்கள். ஆளை ஏற்றுவதற்கு முன் சைட்காரில் மணல் மூட்டைகளை இறுகக் கட்டி வைத்து ஓட்டிப் பாருங்கள். பின்னர் ஏறுபவருக்கும் தலைக்கவசம் கட்டாயம்.